கானகத்து வான்கோழியும் பண்ணை வான்கோழியும்

வான்கோழி என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் உள்ளத்திலே முதலில் எழுவது மூதுரைச் செய்யுளொன்றே. மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தானும் ஆட முற்பட்டு நகைப்புக்கிடமாகும் பறவையாக அச்செய்யுள் வான்கோழியைக் காட்டுகின்றது. கல்லாதவன் கவி சொல்லப் புகுவதற்கு அதனை உவமையாக்குகின்றது. பள்ளிப் பருவத்திலே மனனஞ் செய்த அவ்வுவமை காரணமாக, இப்பறவை பிறரைப் பார்த்து வேடம் புனைவது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. உண்மை அதற்கு மாறானது. இன்று வான்கோழியென வழங்கும் பறவையின் முன்னோர் மயிலைக் கண்டதேயில்லை. மயில் ஆசியாவுக்குரியது, வான்கோழியோ அமெரிக்கக் கண்டத்தின் காடுகளிலே தோன்றியது. அது தோகை விரிப்பதும் நடமிடுவதும் அதற்கு இயல்பாய் அமைந்தவை. எவரிடமும் இரவல் பெற்றவையல்ல.

அமெரிக்கப் பறவையாகிய இது பழைய உலகத்துக்கு வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டிலேதான். ஆகவே, அந்நூற்றாண்டுக்கு முற்பட்ட தமிழ்ச் செய்யுள் எதிலாவது வான்கோழி என்னுஞ் சொல் வருமாயின், அது வேறொரு பறவையையே குறித்திருத்தல் வேண்டும். பெயர் பழையதாகவும் பொருள் புதியதாகவும் இருத்தல் மொழி வரலாற்றிலே புதுமையன்று. புதிதாக வந்த பறவைக்குப் பழகிய பறவையின் பெயரைச் சூட்டிய செயல் உலகெங்கும் நிகழ்ந்துள்ளது.

இப்பறவைக்கு நாடுகள் இட்ட பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு நாட்டாரும் அதனை இன்னொரு நாட்டின் தலையிலே சுமத்தியிருப்பது புலனாகும். ஆங்கிலேயர் அதனை டேர்க்கி என்றனர். அதாவது துருக்கிப் பறவை. ஆபிரிக்காவின் கினிக்கோழி, துருக்கியர் ஆட்சிப் புலங்களினூடாக இங்கிலாந்தை அடைந்தமையால் அதற்கு அப்பெயர் முன்னரே வழங்கியது; பின்னர் வந்த அமெரிக்கப் பறவைக்கு அதுவே நிலைத்துவிட்டது. துருக்கியரைக் கேட்டால் அவர்கள் அதனை ஹிந்தி என்பர். அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரரின் டாந்து என்னுஞ் சொல்லும், உருசியரின் இந்தேய்க்கா என்னுஞ் சொல்லும் இந்தியாவையே சுட்டுகின்றன. போத்துக்கேயர் அதனைப் பெரு என்றனர். ஆனால் பெரு நாட்டுக் காடுகளிலே வான்கோழி இல்லை. எகிப்தியரோ உரோமச் சேவல் என்பர்.

இவையனைத்திலும் சுவையானது ஒல்லாந்தர் இட்ட பெயர். அவர்கள் அதனைக் கல்கூன் என்றனர். கள்ளிக்கோட்டைக் கோழி என்பதே அதன் பொருள். கொலம்பசு இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு அமெரிக்காவை அடைந்தபின், அந்நிலத்தை இந்தியா என மயங்கிய காலம் அது. இந்தியா என்றவுடன் மிளகு விளையும் மலையாளக் கரையே ஐரோப்பியரின் நினைவுக்கு வந்தது. அச்சொல் ஒல்லாந்தருடன் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. சிங்கள மொழியில் வான்கோழிக்கு வழங்கும் களுகுமா என்னும் பெயர் அதன் வழிவந்ததே. அமெரிக்கக் காட்டுப் பறவையொன்று, மலையாளத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு, அத்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள தீவை வந்தடைந்தது.

விலங்கினங்களுக்கு முறையாகப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசும் இம்மயக்கத்துக்கு விலக்கல்லர். 1758ஆம் ஆண்டிலே அவர் இப்பறவைக்கு மெலியாகிரிஸ் கல்லோபாவோ என்று பெயரிட்டார். மெலியாகிரிஸ் என்பது கினிக்கோழிக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். கல்லோபாவோ என்பது சேவல், மயில் என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்களின் கூட்டு. வான்கோழியைக் கண்டோர் மயிலை நினைத்தல் தமிழ்நாட்டில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் இருந்ததென்பது இதனாற் பெறப்படும்.

இன்று உலகில் வாழும் வான்கோழி இனங்கள் இரண்டே. ஒன்று, கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிக்கோ வரை பரந்து வாழும் பொது இனம். இதில் ஆறு உபவினங்கள் உண்டு. மற்றது, மெக்சிக்கோவின் யூக்கட்டான் குடாநாட்டிலும், குவாத்தமாலாவின் வடபகுதியிலும், பெலீசு நாட்டிலும் வாழும் கண்ணிறகு வான்கோழி. அதன் தலை நீல நிறமானது. தலைமேல் செம்மஞ்சள் நிறப் பருக்கள் திகழும். வாலிறகுகளின் நுனியிலே மயிற்பீலியிற் போன்று கண்கள் அமைந்திருக்கும். மயிலுக்கு நிகர் கூறத்தக்க வான்கோழி ஒன்றிருப்பின் அது இதுவே. ஆயினும் மனிதன் பழக்கி வீட்டுப் பறவையாக்கியது இதனையன்று. முதலிற் கூறிய பொது இனத்தையே.

அப்பழக்கம் மிகப் பழைமையானது. மெக்சிக்கோ நாட்டு மக்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே வான்கோழியை வளர்த்தனர். குவாத்தமாலாவிலுள்ள எல் மிராதோர் என்னும் மாயர் நகரத்தின் இடிபாடுகளிலே கிடைத்த எலும்புகள், அப்பகுதிக்குரிய கண்ணிறகு வான்கோழியினுடையவையல்ல. வடக்கே மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனத்தினுடையவை என்பதை அறிஞர் 2012இல் வெளியிட்டனர். அவ்வெலும்புகளின் காலம் கி.மு. 300க்கும் கி.பி. 100க்கும் இடைப்பட்டது. தனக்குரிய காட்டுக்கு வெகு தொலைவிலே ஒரு பறவை காணப்படுமாயின், மனிதன் அதனைக் கொண்டுசென்று வளர்த்தான் என்பதே பொருள்.

இப்போதைய ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலத்திலே வாழ்ந்த பண்டைப் புவெப்லோ மக்கள், வேறொரு உபவினத்தைத் தனியாகப் பழக்கினர். நெடுங்காலம் அவர்கள் அதனை உணவுக்காக வளர்த்ததைக் காட்டிலும் இறகுக்காகவே மிகுதியாக வளர்த்தனர். நாரினாற் கயிறு திரித்து, அதன்மேல் வான்கோழியின் மெல்லிறகுகளைச் சுற்றி, குளிர்தாங்கும் போர்வைகளை நெய்தனர். ஏறத்தாழ 800 ஆண்டுகள் பழைமையுள்ள அத்தகைய போர்வையொன்றை ஆராய்ந்தோர், அதற்கு 11,500 இறகுகள் வரை வேண்டியிருந்தன எனவும், அவற்றை 4 முதல் 10 பறவைகளிலிருந்து பெற்றிருக்கலாம் எனவும் 2020இல் மதிப்பிட்டனர். பறவையைக் கொல்லாமலே, இறகுதிரும் காலத்தில் முதிர்ந்த இறகுகளைச் சேகரிக்க அம்மக்கள் அறிந்திருந்தனர் என்பதும் அவ்வாராய்ச்சியாளர் கருத்தாகும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மெக்சிக்கோவை அடைந்த ஸ்பானியர், அங்காடிகளிலே வான்கோழி விற்கப்படுவதைக் கண்டு, அதனைத் தம் நாட்டுக்கு அனுப்பினர். சில ஆண்டுகளுள் அது ஐரோப்பா முழுவதும் பரவியது. இங்கிலாந்தின் யோர்க்சயரைச் சேர்ந்த வில்லியம் ஸ்திரிக்லாந்து என்பவரின் குடும்பச் சின்னத்திலே 1550இல் வான்கோழி இடம் பெற்றது. அவர் ஊராகிய போயின்ரன் தேவாலயத்திலே, திருமறை நூலைத் தாங்கும் மேடை வழக்கமான கழுகின் உருவில் அமையாது, வான்கோழியின் உருவில் அமைந்துள்ளது.

இந்தியாவுக்கு அதனைக் கொணர்ந்தோர் போத்துக்கேயர். 1612ஆம் ஆண்டிலே மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்குக் கோவாவிலிருந்து வான்கோழியொன்று வந்தது. இயற்கைப் பொருள்களை உற்று நோக்குவதில் வல்லவரான அவ்வரசர், அது மயிற்பேட்டினும் பெரிது, ஆண் மயிலினும் சிறிது என்றும், அதன் தலையுங் கழுத்தும் பச்சோந்தியைப் போல நிறம் மாறுகின்றன என்றும் தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்தார். அவையோவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய அப்பறவையின் ஓவியம் இன்றும் இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்திலே உள்ளது. இதற்கிடையில், 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலே குடியேறிய ஐரோப்பியர் தம்முடன் வான்கோழிகளையும் கப்பலேற்றிச் சென்றனர். மெக்சிக்கோவிலிருந்து புறப்பட்ட பறவை, அத்திலாந்திக்கு மாகடலை இருமுறை கடந்து, தன் காட்டு உறவினர் வாழ்ந்த கண்டத்துக்கே திரும்பியது.

பேரரசர் கண்ட அந்நிற மாற்றத்தின் காரணத்தை அறிவியலாளர் இன்று விளக்குவர். வான்கோழியின் தலையிலும் கழுத்திலும் இறகில்லை, வெறுந்தோலே உண்டு. அத்தோலிலே கொலாசென் என்னும் புரத நார்கள் கட்டுக்கட்டாக அமைந்து, அவற்றினிடையே நுண்ணிய குருதிக் கலன்கள் ஓடுகின்றன. பறவை சினங்கொள்ளும்போதும் கிளர்ச்சியுறும்போதும் அக்கலன்கள் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, நார்களின் இடைவெளி மாறுகின்றது. அவற்றிற் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமும் மாறுகின்றது. அதனாலேயே செந்நிறமும் வெண்ணிறமும் நீலமும் மாறி மாறித் தோன்றுகின்றன. இவ்வமைப்பைப் பின்பற்றி, காற்றிற் கலந்துள்ள வேதிப்பொருள்களை நிறமாற்றத்தினாற் காட்டும் உணர்கருவியொன்றைக் கலிபோர்னியாவின் பேக்கிலிப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் அமைத்தனர்.

சேவலின் அலகுக்கு மேலே தும்பிக்கை போன்று ஒரு தசைத் தொங்கல் உண்டு. ஓய்ந்திருக்கும்போது அது குறுகிக் கொம்பு போல நிற்கும். கிளர்ச்சியுறும்போது நீண்டு அலகையும் மறைத்துத் தொங்கும். நீண்ட தொங்கலுடைய சேவலையே பேடுகள் விரும்புகின்றன என்பதும், சேவல்கள் தம்முள் மோதும்போது குறுந்தொங்கலுடையது நெடுந்தொங்கலுடையதற்கு வழிவிடுகின்றது என்பதும் ஆராய்ச்சியாற் புலனாகியுள்ளன. மார்பிலே குதிரை மயிர்க்கற்றை போலத் தொங்குவது தாடி எனப்படும். பேடுகளுள்ளும் சிலவற்றுக்குத் தாடி உண்டு. முதிர்ந்த சேவலின் உடலை 5,000 முதல் 6,000 வரையான இறகுகள் மூடியுள்ளன. அவை வெயிலில் செம்பும் வெண்கலமும் பச்சையுமாக மின்னும்.

பண்ணையிலே பருத்துத் தள்ளாடும் வான்கோழியை மட்டும் கண்டவர், காட்டு வான்கோழியைக் கண்டால் அதே இனமென நம்பார். காட்டுச் சேவல் 16 முதல் 24 இறாத்தல் நிறையுடையது. பேடு 8 முதல் 10 இறாத்தலே. அது மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடவல்லது. குறுந்தொலைவுக்கு மணிக்கு 55 மைல் வேகத்திற் பறக்கவும் வல்லது. பகலெல்லாம் தரையிலே ஓக்கு மர வித்துக்களையும் புல்விதைகளையும் பூச்சிகளையும் மேய்ந்து திரியும். இரவிலே உயர்ந்த மரங்களில் ஏறித் தங்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தமையால், தலையைச் சற்றே திருப்பினாற் போதும், சூழவுள்ள அனைத்தையும் காணும். சேவலின் கொக்கரிப்பு ஒரு மைல் தொலைவுக்குக் கேட்கும்.

பேடு தரையிலே சருகு பரப்பிய சிறு பள்ளத்தில் 10 முதல் 12 முட்டைகளை இட்டு, 28 நாள் தனியே அடைகாக்கும். சேவல் அதிற் பங்கு கொள்வதில்லை. குஞ்சுகள் பொரித்த மறுநாளே தாயின் பின்னே நடக்கத் தொடங்கும். ஆயினும் பறந்து மரமேற இருவார காலம் வேண்டும். அவ்விருவாரமும் தாய் தரையிலேயே சிறகை விரித்து அவற்றை மூடிக்கொண்டு இரவைக் கழிக்கும். நரியும் பிற ஊனுண்ணி விலங்குகளும் உலவும் காட்டிலே, தன் உயிருக்கு அரணாகிய மரத்தை அது குஞ்சுகளுக்காகத் துறக்கின்றது.

சேவல்களின் வாழ்விலும் வியத்தற்குரிய செய்தியொன்று உண்டு. உடன்பிறந்த சேவல்கள் இரண்டோ பலவோ இணைந்து, ஒரே வேளையில் தோகை விரித்துப் பேடுகளுக்கு முன் நடமிடுகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றே பேட்டுடன் கூடுகின்றது. ஏனையவை அதற்குத் துணை நிற்பதுடன் அமைகின்றன. தனக்குக் குஞ்சு பெறாமல் பிறருக்கு உழைப்பதனால் துணைவனுக்கு என்ன பயன்? கலிபோர்னியாவிலே இதனை ஆராய்ந்த அலன் கிராக்கவர் 2005இல் விடையளித்தார். தனியே நடமிடும் சேவலினும், உடன்பிறப்பின் துணையுடன் நடமிடும் சேவல் பன்மடங்கு குஞ்சுகளைப் பெறுகின்றது. உடன்பிறந்தான் மக்களிடத்தும் தன் குருதி ஓடுவதால், துணைவனின் மரபும் அக்குஞ்சுகள் வழியே தழைக்கின்றது.

இத்தகைய பறவை ஒருகாலத்தில் வட அமெரிக்கக் காடுகளிலே மிகப் பெருந்தொகையில் வாழ்ந்ததென மதிப்பிடுவர். குடியேறியோர் காடுகளை வெட்டி வயலாக்கினர். ஆண்டின் எப்பருவத்திலும் தடையின்றி வேட்டையாடினர். கொன்ற பறவைகளை நகரச் சந்தைகளிலே குவித்தனர். கனெக்றிக்கட் மாநிலத்தில் 1813ஆம் ஆண்டளவிலேயே காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. மசச்சூசெற்சின் கடைசிப் பறவை 1851இல் கொல்லப்பட்டது. 1920ஆம் ஆண்டளவில், அது முன்னர் வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18இல் அதன் அடிச்சுவடே இல்லை. மனிதர் எளிதில் அணுகவியலாத மலைச்சரிவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் மட்டும் சிறு சிறு கூட்டங்கள் எஞ்சின.

அப்போதுதான் மக்கள் விழித்துக்கொண்டனர். ஒரு மாநிலத்தின் வேட்டைச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளையும் பறவைகளையும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுசென்று விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டம் தடைசெய்தது. 1937இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் வெடிகளுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர்களை மீட்கும் பணிக்கே ஒதுக்கியது. பணம் கிடைத்தது, ஆர்வமும் இருந்தது. ஆனால் முதலிலே கையாண்ட வழி பிழையாயிற்று.

அவ்வழி யாதெனில், பண்ணைகளிலே முட்டைகளைப் பொரிக்கச் செய்து, வளர்ந்த பறவைகளைக் காட்டில் விடுவதாகும். எண்ணற்ற பறவைகளைப் பல்லாண்டுகளாக விட்டும் காடு நிரம்பவில்லை. மசச்சூசெற்சில் 1911 முதல் 1967 வரை மீண்டும் மீண்டும் செய்த முயற்சிகள் அனைத்தும் தோற்றன. காரணம் வெளிப்படையானது. பருந்தின் நிழல் கண்டு பதுங்குவதையும், நரியின் காலடி கேட்டு மரமேறுவதையும், பனிக்காலத்தில் வித்துக் கிடைக்கும் இடத்தையும் காட்டுக் குஞ்சு தாயின் பின்னே திரிந்து கற்கின்றது. பொறியிலே பொரித்து, கூட்டிலே உண்டு வளர்ந்த பறவைக்கு அக்கல்வி இல்லை. மனிதன் நீட்டும் தீவனத்தை எதிர்பார்த்து நின்ற அவை, பகை விலங்குகளுக்கு இரையாயின. சில, பண்ணை நோய்களையும் தம்முடன் காட்டுக்குக் கொண்டு சென்றிருக்கவுங் கூடும்.

எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே உயிருடன் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களிலே குடியேற்றுவது ஒன்றே வழியாயிற்று. ஆனால் கூரிய கண்ணும் செவியும் உடைய பறவையைப் பிடிப்பது எப்படி? 1951இல் தென் கரோலினா மாநிலத்தார் அதற்கு வழி கண்டனர். தானியம் தூவிய திடலிலே வலையை மடித்து மறைத்து வைத்து, பறவைகள் மேய வந்தவுடன் சிறு பீரங்கிகளின் விசையால் அவ்வலையை அவற்றின்மீது வீசினர். இம்முறை நாடெங்கும் பரவிற்று. மசச்சூசெற்சிலும் 1972, 1973ஆம் ஆண்டுகளிலே நியூயோர்க்கிலிருந்து பிடித்துவந்த 37 காட்டுப் பறவைகளை விட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேல் பண்ணைப் பறவைகளால் ஆகாத செயலை அந்த 37 பறவைகள் செய்து முடித்தன. இன்று அம்மாநிலத்திலே 30,000க்கு மேற்பட்ட வான்கோழிகள் உள்ளன. பொஸ்ரன் நகர்ப்புறத்துத் தெருக்களிலும் அவை கூட்டமாக நடந்து திரிந்து, வண்டிகளை நிறுத்தி வைக்கின்றன.

இன்று அலாஸ்கா நீங்கலாக ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி வாழ்கின்றது. அவற்றின் மொத்தத் தொகை 60 இலட்சத்துக்குக் குறையாது. ஆயினும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டிய உச்சத்திலிருந்து பல மாநிலங்களில் எண்ணிக்கை குறைந்துவருவதனால், அறிஞர் மீண்டும் கவலை கொண்டுள்ளனர். மீட்டெடுத்தவற்றையும் காவாது விட்டால் இழத்தல் கூடும்.

இனிப் பண்ணை வான்கோழியின் நிலையைக் காண்போம். ஐக்கிய அமெரிக்காவிலே நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாளாகும். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரிய திருநாளாக அறிவித்தார். அன்று வீடுதோறும் வான்கோழியே விருந்து. அதுவும் நத்தார்ப் பண்டிகையும் சேர்ந்து வான்கோழி வளர்ப்பைப் பெருந்தொழிலாக்கின. அந்நாட்டுப் பண்ணைகளில் இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 கோடி வான்கோழிகள் வளர்க்கப்படுகின்றன.

அத்தொழிலின் போக்கை மாற்றியது மார்புத் தசையின் மீதிருந்த நாட்டம். இங்கிலாந்திலிருந்து கனடாவிலே குடியேறிய ஜெசி திரோசல் என்பவர் 1920களில் அகன்ற மார்புடைய வான்கோழிகளைக் கொண்டுசென்றார். அவற்றின் வழித்தோன்றல்களை அமெரிக்கப் பறவைகளுடன் கலந்து, அகன்மார்பு வெண்கல இனத்தை உருவாக்கினர். பின்னர், தோலிலே கருநிறக் குருத்திறகின் சுவடு தெரியலாகாது என்பதற்காக, அதே உடலமைப்புடைய வெள்ளையினத்தை வளர்த்தெடுத்தனர். உலகின் பெரும் பண்ணைகளிலெல்லாம் இன்று நிறைந்திருப்பது இவ்வகன்மார்பு வெள்ளையே. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பண்ணை வான்கோழியின் சராசரி நிறை 13 இறாத்தல். இன்று அது 30 இறாத்தலுக்கு மேல். சேவல்கள் ஏறத்தாழ 20 வாரத்துள் 40 இறாத்தலை எட்டுகின்றன.

இவ்வளர்ச்சிக்குப் பறவை கொடுத்த விலை பெரிது. அது பறக்கவியலாதது, ஓடவும் மாட்டாது. பாரந்தாங்காது கால்கள் நோவுறுகின்றன. எல்லாவற்றிலும் மேலாக, மார்பு அளவுக்கு மீறிப் பருத்தமையால் சேவல் பேட்டுடன் இயல்பாகக் கூடவியலாது. மனிதர் ஒவ்வொரு பேட்டுக்கும் செயற்கை முறையிலே விந்தூட்டினாலன்றி அடுத்த தலைமுறை தோன்றாது. மனிதன் கைவிட்டால் ஒரே தலைமுறையில் அற்றுப்போகக்கூடிய பறவையினம் 20 கோடியாகப் பெருகி நிற்பது இக்காலத்து விந்தைகளுள் ஒன்று.

நோயும் அங்கே பெரும் பகையாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் றோட் ஐலன்ட் மாநிலத்துப் பண்ணைகளை அழித்த கருந்தலை நோயின் காரணத்தை 1895இல் தியபோல்ட் சிமித் கண்டறிந்தார். ஈரலையும் குடலையும் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணியொன்றே அந்நோய்க்குக் காரணம். கோழிகளின் குடற்புழுவின் முட்டை வழியாக அது பரவுகின்றது. கோழி பெரும்பாலும் அதனால் வருந்துவதில்லை. வான்கோழியோ கூட்டங்கூட்டமாக மடியும். கோழி திரிந்த நிலத்தில் வான்கோழியை விடலாகாது என்னும் விதி இதிலிருந்து பிறந்தது. சிறு அளவில் வான்கோழி வளர்க்கும் எவரும் இவ்விதியை மறத்தலாகாது. பறவைக் காய்ச்சலும் அத்தகையதே. 2015இல் மினசோட்டா மாநிலத்திலும், 2022 முதல் பல நாடுகளிலும் அது பண்ணைகளைச் சூறையாடியது. ஒரே வகைப் பறவைகள் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கில் நெருங்கியிருக்கும்போது, ஒன்றைத் தொற்றிய நோய் அனைத்தையும் தொற்றுகின்றது.

பண்ணை ஆராய்ச்சி தந்த அரிய செய்தியொன்றும் இங்கே கூறத்தக்கது. அமெரிக்க அரசின் பெல்ற்ஸ்வில் வேளாண்மை நிலையத்திலே, சிறு குடும்பங்களுக்கேற்ற சிறிய வெள்ளை வான்கோழியினத்தை உருவாக்கினர். அவ்வினத்தின் முட்டைகளைச் சோதித்த மார்லோ ஓல்சன், சேவலைச் சேராத பேடுகள் இட்ட முட்டைகளுட் சிலவற்றில் கரு வளர்வதை 1952இல் கண்டார். அரிதாகச் சில முட்டைகள் பொரித்துக் குஞ்சுகளும் வெளிவந்தன. தந்தையின்றிப் பிறந்த அக்குஞ்சுகள் அனைத்தும் ஆண்களே. பறவைகளிலே ஆணுக்கு ஒரேவகையான இரு பால் நிறமூர்த்தங்களும், பெண்ணுக்கு வெவ்வேறான இரண்டும் உண்டு. தாயின் முட்டையிலுள்ள ஒற்றை நிறமூர்த்தமே இரட்டிக்கும்போது ஆணே உயிர்பிழைக்கவியலும் என்பதே இதன் விளக்கம். தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார், இப்பெல்ற்ஸ்வில் வெள்ளையை உள்ளூர்க் கருநிற வான்கோழியுடன் கலந்து, வெப்ப நாட்டுக்கேற்ற நந்தனம் வான்கோழியை உருவாக்கியுள்ளனர்.

வான்கோழியைப் பற்றிய பொய்க் கதைகளும் பல. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் அதனை நாட்டின் சின்னமாக்க வேண்டினார் என்பது அவற்றுள் ஒன்று. அவர் 1784இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்திலே, கழுகினும் வான்கோழி மதிப்புக்குரியது என்று நகைச்சுவையாகக் கூறியதுண்டு, சின்னமாக்குமாறு முன்மொழிந்ததில்லை. 1750இல் அவர் வான்கோழியை மின்சாரத்தாற் கொல்ல முயன்று, தாமே மின்னடி பட்டு வீழ்ந்தது மட்டும் மெய்ச்செய்தி. வான்கோழி இறைச்சியிலுள்ள திரிப்தோபன் என்னும் பொருளே விருந்துண்டோருக்கு உறக்கம் தருகின்றது என்பதும் மெய்யன்று. கோழியிறைச்சியிலும் அது ஏறத்தாழ அதே அளவிலே உள்ளது. உறக்கத்துக்குக் காரணம் அளவு மீறிய உணவே.

அகன்மார்பு வெள்ளை எங்கும் பரவியபோது, வெண்கலம், கறுப்பு, சாம்பல், போர்பன் சிவப்பு, நரகன்செற் முதலிய பழைய இனங்கள் பண்ணைகளை விட்டு மறைந்தன. 1997இல் அமெரிக்கப் பொரிப்பகங்களிலே கணக்கெடுத்தபோது, இப்பழைய இனங்கள் அனைத்திலும் இனப்பெருக்கத்துக்குரிய பறவைகள் 1,335 மட்டுமே இருந்தன. மெதுவாக வளர்பவை, தாமே கூடிக் குஞ்சு பெறுபவை, பறக்கவும் தீனி தேடவும் வல்லவை அவை. ஆர்வலர் சிலர் அவற்றைத் தேடித் தம் தோட்டங்களிலே வளர்த்தனர். உண்பாரும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினர். பத்தாண்டுகளுள் அவற்றின் தொகை 10,000ஐக் கடந்தது.

காட்டிலும் பண்ணையிலும் வான்கோழியின் வரலாறு ஒன்றையே உணர்த்துகின்றது. பல கோடியாகப் பெருகியிருத்தல் வேறு. பிழைத்திருக்கும் ஆற்றல் வேறு. வளர்ப்புப் பறவைகளை எத்தனை முறை விட்டும் நிரம்பாத காட்டை 37 காட்டுப் பறவைகள் நிரப்பின. நாளை புதிய நோயொன்று வெள்ளை வான்கோழியைத் தாக்குமாயின், அதனை எதிர்க்கும் வலிமையை மீண்டும் பெறுவதற்கு மனிதன் நாடவேண்டிய இடம், எவரோ சிலர் தோட்டத்தின் மூலையிலே காத்து வைத்திருக்கும் அப்பழைய இனங்களே. நெல்லாயினும் கோழியாயினும், பழைய வித்தைப் பயனற்றதென ஒதுக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒருமுறை அற்றுப்போன வித்தை எவ்வளவு பணங்கொடுத்தும் எந்தச் சந்தையிலும் வாங்கவியலாது.